ஊசிச் சத்தம்

ஏசி நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். வெளியே தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த நேரம். ஜன்னலில் இருந்த அந்தப் பழைய பெட்டி இரண்டு தரம் இருமியது, ஒரு தரம் உதறியது, அப்புறம் மூச்சு விடவில்லை. மற்ற வீடுகளில் என்றால் கதவைத் திறந்துபோட்டு, ஆளுக்கொரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அலுத்துக்கொண்டு கிடப்பார்கள். அந்த வீட்டில் அப்படி இருக்க முடியாது. ஜன்னலை ஒட்டிய கட்டிலில் படுத்திருந்தவருக்கு வியர்க்காது.

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, தொட்டால் தெரியாது என்பது பார்க்கிறவர்களுக்கே விளங்கும். வியர்க்கவும் செய்யாது என்பதை அவர் மனைவி ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டாள். "அடிபட்ட இடத்துக்குக் கீழ உடம்புக்குத் தன்னத்தானே குளுமை பண்ணிக்கத் தெரியாதும்மா. ரூம் சூடு ஏறினா அவர் சூடும் ஏறும். நூத்தி நாலைத் தாண்டினா இங்க கொண்டு வந்துடுங்க, நேரம் கடத்தாதீங்க" என்றார் டாக்டர். போன கோடையில் ஒரு நாள் மின்சாரம் போனபோது டாக்டர் சொன்னது புரிந்தது. அந்தத் தடவை கணவர் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

இத்தனைக்கும் இருபத்திரண்டு வருஷம் ஊரார் வீட்டுக்கெல்லாம் குளிர்காற்று கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். டக்ட் வேலை. தகரத்தை வெட்டி, மடித்து, குழாயாகச் சேர்த்து, கூரைக்குள் ஓடவிட்டு, அறைக்கு அறை காற்று இறக்குகிற வேலை. ஆறடி உயர ஆளுக்குத் தொழிலில் 'சாண்' என்று பேர். அளவு நாடாவை எடுக்கும் முன்னால் கையை விரித்துச் சாண் போட்டுச் சொல்லிவிடுவார். நாடா பின்னால் வந்து ஆமோதிக்கும். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு யார் வீட்டு மச்சிலோ வேலை செய்துகொண்டிருந்தபோது, மரச்சட்டத்தில் வைக்க வேண்டிய காலை இரண்டு சட்டத்துக்கும் நடுவிலுள்ள பலகையில் வைத்துவிட்டார். பலகை தாங்கவில்லை. பன்னிரண்டடி.

அந்த வேலை எப்படியிருக்கும் என்று மனைவி ஒரு நாளும் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் விரல்களில் இருந்த வெட்டுகள், சட்டைப் பையில் தங்கிவந்த தகரத் துணுக்குகள், தொட்டால் அரிக்கும் என்று தனியாகத் துவைக்க வேண்டிய கால்சட்டை, அவ்வளவுதான்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவளும் நாத்தனாரும் ஆள் மாற்றி ஆள் ஈரத்துணி போட்டார்கள். நாத்தனார் அவருக்கு மூத்தவள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். ஒரு வாளித் துணியை அவள் பிழிகிற வேகத்தில் வேறு யாரும் பிழிய முடியாது. ஐஸ் கட்டியை உடைத்துப் பையில் கட்டி அக்குளில் வைத்தார்கள். துணி போட்ட ஐந்தாவது நிமிஷம் காய்ந்துவிடும். தெர்மாமீட்டர் நூற்றியிரண்டு காட்டும், ஐஸ் வைத்தால் நூற்றியொன்று, கையை எடுத்தால் மறுபடி நூற்றியிரண்டரை.

வியாழன் சாயங்காலம் மேஸ்திரி வந்தார். அவரோடு பதினாறு வருஷம் ஏணி பிடித்தவர். பீப்பாய் என்றால்தான் கடைத்தெருவில் தெரியும்; வயிறு அப்படி. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"மச்சான், இப்ப நான் வேலை பாக்குற வீட்ல மெஷினை மாத்துறாங்க. வீட்டைப் பெருசாக்கிட்டாங்க, பழசு பத்தலை. உள்மெஷின், வெளிமெஷின் ரெண்டும் நல்லா இருக்கு. எடுத்துட்டுப் போன்னுட்டாங்க."

"காயில் எப்படி இருக்கு?"

"கழுவிட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கு."

"பிளோயர் பேரிங்?"

"கையால சுத்திவிட்டா நிக்கவே மாட்டேங்குது. எல்லாம் பாத்துட்டுதான் வந்திருக்கேன், என்னைப் பரீட்சை வைக்காத. மச்சுல தொங்கவிட்டு, டக்ட் இழுத்து, நாலு ரூமுக்கும் காத்து குடுத்துடுவோம். எத்தனை நாளைக்கு இந்த ஒரே ரூம்ல கதவைச் சாத்திட்டுக் கெடப்ப? ஞாயித்துக்கிழமை லீவு. ஏசிக்குக் கேஸ் அடிக்கிற கேஸ்காரனும் வரேன்னுட்டான்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஐஸ்லயே வெச்சிருக்க இவன் என்ன மீனா?" என்றாள் நாத்தனார் வாசற்படியிலிருந்து.

"மீனாச்சும் செத்தப்பறம்தான்க்கா ஐஸ்ல கெடக்கும்" என்றார் அவர். மேஸ்திரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வயிறு மட்டும் குலுங்கியது.

அன்றைக்கே அளவு சொன்னார். வீட்டின் நீளம், அகலம், மச்சின் சரிவு எல்லாவற்றையும் மனைவியும் மேஸ்திரியும் நாடா பிடித்து அளந்து சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் மடித்தார். "மெயின் இவ்வளவு. ஹாலுக்குப் பிரிஞ்சதும் ரெண்டு அங்குலம் குறைச்சிடு. அடுப்படிக்குப் பிரிஞ்சதும் இன்னும் ரெண்டு. என் ரூம் கடைசி, மூலைல முழங்கை வளைவு போட்டுத் திருப்பு." மேஸ்திரி சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு போனார். வெள்ளியும் சனியும் வேலை முடிந்த பிறகு பட்டறையில் உட்கார்ந்து தகரம் மடித்தார்.

ஞாயிறு விடியும் முன்னால் வண்டி வந்து நின்றது. வெயில் ஏறினால் மச்சுக்குள் ஆள் நிற்க முடியாது. நடைவழியின் மேற்பலகையில் ஒரு கதவளவு துவாரம் அறுத்தார்கள். கூரைச் சட்டத்தில் சங்கிலிக் கப்பியை மாட்டி, ஆட்டுக்குட்டியைத் தூக்குகிற பதத்தில் உள்மெஷினைத் தூக்கினார்கள். ஓர் ஆள் நீளத்தில் சாம்பல் நிறப் பெட்டி அது. கிறுகிறுவென்று சங்கிலி பேச, நாத்தனார் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். நான்கு கம்பிகளில் பெட்டி தொங்கியது.

"ரப்பர் வெச்சியா?" என்று கட்டிலிலிருந்து குரல்.

"வெச்சேன், வெச்சேன்."

"நாலு மூலைக்கும்?"

மேலே பையைத் துழாவுகிற சத்தம். "இதோ வைக்கிறேன்யா, படுத்திருக்கப்பவும் விட மாட்டேங்குறியே!"

"மூணு ரப்பர்ல ஆடுற சத்தம் எனக்குத் தெரியாதா?"

கேஸ்காரர் பனைமர உயரம். மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வெளிமெஷினைப் பின்சுவரோரம் உட்காரவைத்து, செப்புக்குழாயை வளைத்துக் கொண்டுவந்து உள்மெஷினோடு சேர்த்துப் பற்றவைத்தார். குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுக்கிற பம்பு முற்றத்தில் ஒரு மணி நேரம் முனகிக்கொண்டே இருந்தது. பெட்டியில் சொட்டும் தண்ணீர் வடிய ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சரிவு பார்த்து இறக்கினார்கள். மேஸ்திரி தகரத் துண்டுகளை ஒவ்வொன்றாக மேலே வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, திருகு போட்டு, பசை பூசி, வெள்ளி டேப் ஒட்டிக்கொண்டே நகர்ந்தார். பெட்டியும் தகரமும் சேர்கிற இடத்தில் கெட்டியான கித்தான் துணியில் ஒரு கழுத்துப்பட்டை. அது எதற்கு என்று அவள் கேட்டாள். "மெஷின் நடுங்குறது டக்ட்டுக்குத் தெரியக் கூடாதுல்ல தங்கச்சி, அதுக்குத்தான்" என்றார்.

பத்தரை மணிக்கு எல்லாம் முடிந்தது என்றார்கள். கேஸ்காரர் சுவிட்சைப் போட்டார். மேலே ஒரு பெருமூச்சு கிளம்பியது. ஹாலில் காற்று இறங்குகிற கிரில்லுக்கு நேரே மேஸ்திரி பிடித்த காகிதம் படபடத்துக்கொண்டு நீட்டி நின்றது. அடுப்படியில் நின்றது. நாத்தனாரின் அறையில் நின்றது. கடைசியாக அவர் அறைக்கு வந்து பிடித்தார்கள். காகிதம் லேசாகத் தலையை ஆட்டிவிட்டுத் தொங்கிப்போனது.

அவள் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். நூற்றி மூன்று, அதற்கு மேல் இரண்டு கோடு. உதடு வெடித்திருந்தது. கண் ஓரிடத்தில் நிலைக்கவில்லை.

"எங்கயோ ஒழுகுது" என்றார் அவர்.

"கிரில்லு சத்தம்தான் மச்சான் அது, திருப்பி வைக்கிறேன்."

"கிரில்லு இல்ல. கிரில்லு சத்தம் அகலமா இருக்கும், வேட்டி உதறுற மாதிரி. இது ஊசி." சற்று நேரம் கண்ணை மூடினார். "மூலைல முழங்கை சேருது பாரு, அங்க. அடிப்பக்கம். அஞ்சாவது சட்டத்தைத் தாண்டி."

மேஸ்திரியின் முகம் சுருங்கியது. அந்த இடத்தில் கூரை சரிந்து வந்து ஒரு முழ உயரம்தான். தன் வயிறு போகாது என்று, தகரத்தைக் கம்பால் தள்ளித்தான் அவர் சேர்த்திருந்தார். கேஸ்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார். ஆள் ஒல்லிதான், ஆனால் நீளம். குறுக்கே ஒரு சாய்வுச் சட்டம் இருந்தது, அதைத் தாண்ட முழங்கால் மடங்க இடமில்லை. பாதி வழியில் மாட்டிக்கொண்டு, "அண்ணே, இழுங்கண்ணே!" என்று கத்த, மேஸ்திரி இரண்டு காலையும் பிடித்துப் பின்னால் இழுத்தார். கரியும் ஒட்டடையுமாக அவர் இறங்கி நின்ற கோலத்தைப் பார்த்து நாத்தனாருக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு ஒரு சின்ன ஆளாப் பாத்துக் கூட்டிட்டு வரேன்" என்றார் மேஸ்திரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"நாளைக்கு வரைக்கும் இவர் தாங்க மாட்டார்" என்றாள் அவள். "நான் போறேன்."

"நீ வேணாம்." கட்டிலிலிருந்து வந்த குரலில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ.

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். விடு. ஆஸ்பத்திரிக்குப் போயிக்கலாம்."

அவள் கட்டிலருகே வந்து அவர் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு எங்க கால் தவறிச்சுன்னு எனக்குத் தெரியும். நான் கால் வைக்கவே போறதில்ல. வயித்தாலயே ஊர்ந்து போறேன். நீங்க வழி சொல்லுங்க. சொல்லாட்டியும் போவேன், தெரியாமத்தான் போவேன். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கூரையைப் பார்த்தார். மறுக்கவும் முடியவில்லை, அவள் கையைப் பிடித்து நிறுத்தவும் முடியவில்லை. "சட்டத்துக்குச் சட்டம் கையைப் போட்டுப் போ" என்றார் கடைசியில். "பலகை மேல ஒரு விரல்கூடப் படக் கூடாது."

புடவையோடு போக முடியாது. நாத்தனார் போய் அவருடைய பழைய வேலைக் கால்சட்டையையும் முழுக்கைச் சட்டையையும் எடுத்துவந்தாள். காலை நான்கு மடிப்பு மடித்து, இடுப்பில் கயிறு கட்ட வேண்டியிருந்தது. அதே கயிற்றின் மறுமுனையை மேஸ்திரி தன் இடுப்பில் சுற்றிக்கொண்டார். "நான் இருக்குற கனத்துக்கு நீ எங்கயும் விழ முடியாது தங்கச்சி. தைரியமாப் போ."

டேப், பசை, மூன்று திருகு, திருப்புளி எல்லாம் கால்சட்டைப் பைக்குள் போயின. துவாரத்துக்குள் தலையை நீட்டியதுமே மூச்சு முட்டியது. அடுப்புக்குள் தலையைக் கொடுத்தது போலிருந்தது. தகரக்கூரை கைக்கெட்டும் தூரத்தில் கனன்றுகொண்டிருந்தது. நெற்றியில் கட்டிய விளக்கைத் திருப்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த இருட்டுக்குள் வெள்ளி வெளேரென்று டக்ட் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் வாயிலிருந்து அகலமாகக் கிளம்பி, ஹாலுக்கு ஒரு கிளை பிரிந்ததும் கொஞ்சம் ஒடுங்கி, அடுப்படிக்குப் பிரிந்ததும் இன்னும் ஒடுங்கி, ஓர் ஓரம்கூடக் கோணாமல், வளைகிற இடத்தில் தயங்காமல் வளைந்து போயிற்று. பிரியப் பிரிய ஏன் ஒடுங்குகிறது என்று யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கியது. பங்கு போகப் போகக் காற்றின் வேகம் குறைந்துவிடாமல் இருக்க. வியாழக்கிழமை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன 'ரெண்டு அங்குலம்' இதுதான். பார்க்காமலே, கையால் தொடாமலே, படுத்த படுக்கையில் இந்த முழுவதையும் அவர் கட்டிவிட்டிருக்கிறார். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த இடத்தில் இத்தனை ஒழுங்கு. இருபத்திரண்டு வருஷம் இந்த மாதிரி எத்தனை வீட்டுத் தலைக்கு மேலே செய்துவிட்டு, சாயங்காலம் ஒன்றும் நடக்காதது போல வந்து, "சோறு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"நின்னுட்டியா?" கீழேயிருந்து அவர் குரல். "மயக்கம் வருதா?"

"இல்ல. பாத்துட்டு இருக்கேன்."

"பாக்குறதுக்கு நேரமில்ல. கையை முன்னால போடு."

ஊர்ந்தாள். ஒரு சட்டத்தில் முழங்கை, அடுத்த சட்டத்தில் முழங்கை. இடையில் வெளிறிய பலகை, அதற்குக் கீழே வீடு. வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. அவள் நகரும் கிறீச்சை வைத்தே கீழே எண்ணிக்கொண்டிருந்தார் அவர். "ரெண்டு... இப்ப மூணுல இருக்க. இடது முட்டி வழுக்குது, உள்ள இழு." இழுத்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்க மூச்சில்லை. சாய்வுச் சட்டத்துக்கு அடியில் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து நுழைந்தபோது கூரைத் தகரம் தோளைச் சுட்டது. "நாலு. அஞ்சு. நில்லு."

முகத்தில் சில்லென்று பட்டது. முழங்கைத் தகரம் நேர்த்தகரத்துக்குள் போகாமல், அடிப்பக்கத்தில் விரல் பருமனுக்கு வாய் பிளந்து நின்றது. சொன்ன இடம். சொன்ன பக்கம். உடம்பெல்லாம் எரிகிற அந்த இடத்திலும் அவளுக்குப் புல்லரித்தது.

"இருக்குங்க! நீங்க சொன்ன இடத்துலயே இருக்கு! மெஷினை நிறுத்தச் சொல்லுங்க."

நிறுத்தினார்கள். சுற்றிலும் ஓய்ந்தது. அப்போது அவர் குரல் கேட்டது. பலகைக்கு அடியிலிருந்து இல்லை. அந்தப் பிளவுக்குள்ளிருந்து, காதோரம் வாய் வைத்துப் பேசுவது போல.

"கேக்குதா?"

அவள் திடுக்கிட்டுப்போனாள். கட்டிலுக்கு நேர் மேலே கிரில், கிரில்லிலிருந்து தகரம், தகரத்திலிருந்து இந்தப் பிளவு. "பக்கத்துல இருக்குற மாதிரி கேக்குதுங்க" என்றாள் மெல்ல.

"எனக்கும்." குரலைத் தாழ்த்தினார். "அக்கா தண்ணி எடுக்கப் போயிருக்கா. ஒண்ணு சொல்றேன். விழுறப்ப உன்னைத்தான் நெனச்சேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்ல?"

"ம்."

"பொய்யி. கையில தகரக் கத்திரி இருந்துச்சு. கீழ ஒரு அம்மா தரை தொடச்சிட்டு இருந்தாங்க. அவங்க தலைல கத்திரி விழுந்துடக் கூடாதேன்னுதான் நெனச்சேன். கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். அதான் கையை ஊணலை. வேற ஒண்ணும் நெனக்கலை. நீ அழுவுறப்ப என்ன சொல்றதுன்னு தெரியாம உன் பேரைச் சொல்லிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல், அந்த ஒரு முழ இடுக்கில் குப்புறப் படுத்துக்கொண்டு, தகரத்தில் நெற்றி முட்டச் சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. ஒன்றரை வருஷமாக, தன்னை நினைத்துத்தான் கவனம் சிதறினாரோ என்று அவள் மனசுக்குள் ஒரு முள் கிடந்தது. அன்று காலை வீட்டில் ஒரு சின்னச் சண்டை நடந்திருந்தது. அதை அவள் அவரிடம் கேட்டதில்லை. கேட்காமலே பதில் வந்துவிட்டது.

"அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலை. சரி, வேலையைப் பாரு. முழங்கையைத் தோளால முட்டு. கொஞ்சம் திருப்பி முட்டு. உள்ள போறப்ப 'டப்'னு சொல்லும். ஓரத்தைக் கையால தடவாத."

சொல்வதற்குள் தடவிவிட்டாள்.

"வெட்டிக்கிட்டியா?"

"இல்லையே."

"மூச்சை இழுத்தது கேட்டுச்சு. டேப்பைச் சுத்திக்க."

விரலில் டேப்பைச் சுற்றிக்கொண்டு தோளால் முட்டினாள். இரண்டாவது முட்டில் 'டப்' என்றது. மூன்று திருகு. வியர்வையில் வழுக்கி ஒன்று கீழே உருண்டது. சட்டைப் பையில் துழாவினால் அவருடைய பழைய திருகு ஒன்று அகப்பட்டது. போட்டாள். பசையை விரலால் அப்பினாள். டேப்பைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "நகத்தால தேய், காத்துக் கொப்புளம் நிக்கக் கூடாது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். டேப் சுற்றி வரவர அந்தக் குரல் சிறுத்தது, தூரமாயிற்று, கடைசி விரற்கடையை அழுத்தியதும் அறுந்தாற்போல நின்றது. பிறகு பலகைக்கு அடியிலிருந்து, மற்ற யாருடைய குரலும் கேட்பது போல, "முடிஞ்சுதா?" என்று கேட்டது.

"முடிஞ்சுது. போடச் சொல்லுங்க."

உள்ளங்கையைத் தகரத்தின் மேல் வைத்துக்கொண்டாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உயிருள்ள ஒன்றின் விலாப்போல அது மெல்ல விரிந்து இறுகியது. சூடான தகரம் அவள் கைக்கடியில் குளிர்ந்துகொண்டு வந்தது. ஊசிச் சத்தம் இல்லை. கீழே நாத்தனார் வீடே அதிரக் கத்தினாள்: "வருதுடீ! முகத்துல அடிக்குது! இறங்கு, இறங்கு!"

அவள் இறங்கி வந்தபோது மேஸ்திரி கயிற்றை அவிழ்க்காமலே அவள் ஒட்டிய வேலையைத் துவாரத்துக்குள் விளக்கடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவளிடம் முகம் துடைக்க நீட்டினார்.

இரண்டு மணிக்கு நூற்றியொன்று. நான்கு மணிக்குத் தொண்ணூற்றொன்பது. சாயங்காலம் கேஸ்காரரும் மேஸ்திரியும் சோறும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுச் சக்கர நாற்காலியில் அவரைத் தூக்கி உட்காரவைத்து வீடு முழுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். கோடை தொடங்கிய பிறகு அவர் அந்த அறையின் வாசற்படியைத் தாண்டியது அன்றுதான். ஹாலில் நிறுத்தினார்கள். அண்ணாந்து கிரில்லைப் பார்த்தார். அடுப்படியில் நிறுத்தினார்கள். "இங்க காத்து கூட. உள்தட்டை ரெண்டு விரக்கடை மூடு" என்றார். மேஸ்திரி நகரும் முன்னால் அவள் ஸ்டூல் போட்டு ஏறி மூடினாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இப்பச் சரி" என்றார்.

அவர்கள் வண்டியேறிப் போன பிறகு மூன்று பேரும் ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஈரத்துணி இல்லை, வாளி இல்லை. என்ன செய்வது என்று இரண்டு பெண்களின் கைகளுக்கும் தெரியவில்லை. வெளியே சாலை இன்னும் அனலைக் கக்கிக்கொண்டிருந்தது.

"குளுருது" என்றார் அவர்.

அவள் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள். "என்ன?"

"காதெல்லாம் குளுருது. எதாவது போத்திவிடு."

"போர்வையா?" நாத்தனார் வாயைப் பிளந்தாள். "இந்த வீட்லயா? எங்கடி இருக்கு?"

எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அலமாரியைக் கவிழ்த்தார்கள். கட்டிலடிப் பெட்டியை இழுத்தார்கள். கடைசியில் பரண் மூலையில் ஒரு பழைய கம்பளி, பூச்சி உருண்டை வாசனையோடு அகப்பட்டது. அவள் உதறிக்கொண்டு வந்து, காலை மூடி, மடியை மூடி, மார்புவரை போர்த்தினாள்.

"போத்திட்டியா?"

"போத்திட்டேனே."

"தெரியலையே."

சட்டென்று அவளுக்கு உறைத்தது. கம்பளியை மேலே இழுத்து, கழுத்தைத் தாண்டி, முகவாயில் படும்படி விட்டாள். சொரசொரப்பு தாடியில் உரசியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை மெல்ல அதன்மேல் சாய்த்துக்கொண்டார்.